ஏரியைப் படம்பிடித்த எழுதுவினைஞர்

சூழல் போராட்டங்களில் பேசியவர்களின் பெயரை நாம் படிக்கிறோம். படம்பிடித்தவர் பெயரோ படத்தின் மூலையிலேயே கிடக்கும். அப்படி ஒருவர்தான் ஒலேகாஸ் ட்ருக்கானாஸ்.

லித்துவேனியாவில் பிறந்து 1948இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் குடியேறியவர். நீர்மின் சபையில் எழுதுவினைஞர் வேலை. அழகான பெடர் ஏரியை அணை கட்டி மூழ்கடிக்கத் திட்டமிட்டதும் அதே சபைதான்! லீவு நாட்களில் மலையேறி அந்த ஏரியைப் படமெடுத்தார். 1967 பெப்ரவரிக் காட்டுத்தீயில் வீடும் பல வருடப் படங்களும் எரிந்துபோயின. கமராவோடு மறுபடி புறப்பட்டார். ஹோபார்ட் நகர மண்டபத்தில் இசையோடு சிலைட் காட்டினார், சனம் நிறைந்தது. சம்பளம் தரும் இடத்துக்கு எதிரான காரியத்தில் இறங்குவது எவ்வளவு சிக்கல் என்று நம்மில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

1972 ஜனவரியில், படமெடுக்கப் போன கோர்டன் ஆற்றில் மூழ்கி மரணித்தார். உடலைக் கண்டெடுத்தவர், அவரைக் குருவாக நினைத்த இளைஞர் பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ். அதே வருடம் ஏரியும் மூழ்கியது.

பிறகு பிராங்ளின் ஆற்றிலும் அணை கட்ட வந்தார்கள். டொம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த பனிமூட்டப் படமொன்று, 1983 மார்ச் தேர்தலுக்கு முன் பத்திரிகைகளில் வண்ண விளம்பரமாக வந்தது. ஜூலையில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அணைத் திட்டம் நின்றது. பிராங்ளின் இன்றும் அணையில்லாமல் ஓடுகிறது.