குரோம்ப்டனின் நூற்பு இயந்திரம்

வட இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ளது போல்ட்டன் நகரம். அந்நகரக் காட்சிசாலையில் பழைய நூற்பு இயந்திரம் ஒன்றைப் போற்றிக் காத்து வருகிறார்கள். சாமுவேல் குரோம்ப்டன் தம் கையால் செய்த இயந்திரங்களுள் இன்று எஞ்சியிருப்பது இஃது ஒன்றே.

குரோம்ப்டன் 1753-ல் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, நூற்றும் நெய்தும் வளர்ந்தார். ஹார்கிரீவ்ஸின் ஜென்னியில் அவர் நூற்ற இழை அடிக்கடி அறுந்தது. அதை ஒட்டுவதிலேயே பொழுது கழிந்தது. ஆர்க்ரைட் 1769-ல் காப்புரிமை பெற்ற நீர்விசை இயந்திரமோ உறுதியான நூலைத் தந்ததேயன்றி, நம் நாட்டு மஸ்லினுக்கு ஈடாக நெய்வதற்குரிய மெல்லிய நூலைத் தரவில்லை.

ஐந்தாண்டுகள் பிறர் அறியாமல் உழைத்தார் குரோம்ப்டன். கருவிகள் வாங்கப் பணம் வேண்டி நாடக அரங்கில் பிடில் வாசித்தார். 1779-ல் இயந்திரம் உருவாயிற்று. அதன் நுட்பத்தைச் சற்றே விளக்குகிறேன். உருளைகள் பஞ்சுத் திரியை மெலியச் செய்து வெளிவிடும். கதிர்களைத் தாங்கிய வண்டி இழையை முறுக்கியவாறே விலகிச் செல்லும். உருளைகள் நின்ற பின்னும் வண்டி சிறிது தூரம் நகரும். முறுக்கு மெல்லிய இடங்களிலேயே முதலில் ஏறி அவற்றை உறுதிப்படுத்துவதால், தடித்த இடங்களே நீள்கின்றன. இழை ஒரு சீராகிறது. வண்டி திரும்புகையில் நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். இராட்டையில் கைதேர்ந்தோர் இழையை இழுக்கும் இழுப்பை இவ்வண்டியில் காணலாம். இரு இயந்திரங்களின் கலப்பாகையால் இதற்கு 'மியூல்', அதாவது கோவேறு கழுதை என்ற பெயர் வாய்த்தது. பெருமைக்குரிய பெயரன்று, ஆனால் பொருத்தமானது.

நூலின் மென்மையைக் கண்ட வியாபாரிகள் வீட்டை மொய்த்தனர். ஏணி வைத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோரும் உண்டாம்! காப்புரிமை பெறக் கையில் பணமில்லை. நன்கொடை திரட்டித் தருவதாக ஆலை முதலாளிகள் கூறிய சொல்லை நம்பி, இயந்திரத்தைத் திறந்து காட்டிவிட்டார். கிடைத்ததோ சுமார் 60 பவுன். ஒப்புக்கொண்ட தொகையைக் கொடாதவரும் இருந்தனர். இதனை வஞ்சகம் என்றே நான் சொல்வேன்.

1811-ல் அவரே ஆலைகள்தோறும் சென்று கணக்கெடுத்தபோது, அவர் முறையில் சுழன்ற கதிர்கள் 40 லட்சத்துக்கு மேல் இருந்தன. 1812-ல் பார்லிமெண்டு அவருக்கு 5,000 பவுன் வழங்கியது. அப்பணமும் தொழில் நஷ்டத்தில் கரைந்தது. 1827-ல் வறுமையிலேயே மறைந்தார்.

அவர் இயந்திரத்தை உருவாக்கிய 'ஹால் இத் வுட்' என்னும் பழைய மாளிகையும் அழியாது நிற்கிறது. சோப்பு உற்பத்தியில் செல்வம் ஈட்டிய வில்லியம் லீவர் அதனை 1899-ல் விலைக்கு வாங்கிச் சீர்திருத்தி, போல்ட்டன் நகருக்கு அளித்தார். இயந்திரங்களை உடைத்துத் திரிந்த கலகக்காரருக்கு அஞ்சி, தம் மியூலைத் துண்டு துண்டாகப் பிரித்து அவர் ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படுவது அந்த வீட்டு மேற்கூரையின் கீழேதான்.