உடைந்த மட்டைகளும் கெத்தா தாபான் மரமும்

கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டத்திற்கு எழுத்து வடிவில் கிடைத்துள்ள விதிகளுள் மிகப் பழையவை, 1744-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதப்பட்ட 13 விதிகளாகும். அவற்றுள் ஒன்று முறிந்த மட்டையைப் பற்றியது. பந்தை அடிக்க ஓங்கிய மட்டை கீழிறங்கி வரும்போது எவ்வகையில் முறிந்தாலும், அதனை ஓர் அடியாகவே கணக்கிட வேண்டும் என்கிறது அவ்விதி. பதின்மூன்றே விதிகளில் ஒன்றை இதற்கென ஒதுக்கினார்கள் என்றால், அக்காலத்தில் மட்டைகள் எத்துணை அடிக்கடி முறிந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பணக்காரர் விளையாட்டைப் பற்றி நமக்கென்ன என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். இக்கதை நம் மண்ணின் வழியாகச் செல்வதால்தான் எழுதுகிறேன்.

அந்நாளைய மட்டை முழுவதும் மரத்தாலானது. ஆப்பிள், பேரி, முள்மரம் போன்றவற்றில் நீண்டு மெலிந்த தலையைச் செதுக்கி, சாம்பல் மரத்தாலான காம்பைச் சரிவாக இழைத்து அதனோடு ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தைத் தார் பூசிய நூலால் இறுகச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டுத் தளர்ந்தால் மீண்டும் சுற்றலாம். காம்பு முறிந்தால் புதுக்காம்பு பொருத்தலாம். செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் புகழ்பெற்ற மட்டைக் கைவினைஞராக விளங்கிய ஹியூ பில்ப் அடிப்படையில் ஒரு தச்சர் என்பதில் வியப்பில்லை.

அப்போதைய பந்து, தோலுறைக்குள் வாத்து இறகுகளைத் திணித்துத் தைத்தது. ஒரு கைவினைஞர் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளே செய்ய முடிந்ததால் விலையும் மிகுதி. மழையில் நனைந்தால் தையல் பிரிந்துவிடும். ஆனால் அது மென்மையானது. மட்டையைப் பெரிதும் வருத்தவில்லை.

இந்நிலையை மாற்றியது மலாய்க் காடுகளில் வளர்ந்த ஒரு மரத்தின் பால். மலாய் மக்கள் கெத்தா தாபான் என்றழைத்த அம்மரப்பால், உறைந்தபின் வெந்நீரில் இட்டால் இளகும், ஆறினால் இறுகும். பாராங் கத்திக்குக் கைப்பிடியாக அவர்கள் அதனைப் பயன்படுத்துவதைக் கண்ட சிங்கப்பூர் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமெரி, 1840-களின் தொடக்கத்தில் மாதிரிகளை வெளிநாட்டிற்கு அனுப்பிவைத்தார். மருத்துவக் கருவிகள் செய்ய உதவும் என்பது அவர் எண்ணம். அது கெத்தா பெர்ச்சா என்னும் பெயரில் ஐரோப்பாவில் பரவியது. 1848-ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்தில் பந்தாகவும் உருண்டது. சிங்கப்பூரிலிருந்து சென்ற விஷ்ணு சிலையொன்றைப் பொதிந்திருந்த கெத்தா துண்டுகளைக் கொண்டு மாணவர் ஒருவர் முதற்பந்தைச் செய்தார் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. அதனைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

புதுப்பந்து மலிவானது, நசுங்கினால் வெந்நீரில் இளக்கி மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் பணியாற்றிய டாம் மோரிஸ் புதுப்பந்தைக் கொண்டு ஆடியதால் இருவரும் பிரிந்தனர்; 1851-இல் மோரிஸ் பிரெஸ்ட்விக் நகருக்குச் சென்றார்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வழவழப்பான புதிய பந்து சிறிது தூரம் பறந்ததும் சட்டென்று தாழ்ந்து விழுந்தது. அடிபட்டு வெட்டும் கீறலும் பெற்ற பழைய பந்தோ நன்றாகப் பறந்தது. இதைக் கவனித்தவர்கள் புதுப்பந்தைச் சுத்தியலால் தட்டிக் காயப்படுத்தியே விற்கத் தொடங்கினர். இன்றைய பந்தில் காணும் சிறு குழிகளுக்கு முன்னோடி அத்தழும்புகளே. அறிவியல் ஆசிரியர்கள் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லலாம். மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

பந்து பிழைத்தது, மட்டை அடிவாங்கியது. கெத்தாவின் கடினத்தால் மெல்லிய மரத்தலைகள் பிளந்தன. தேய்ந்த முகப்பைச் செதுக்கியெடுத்து அவ்விடத்தில் தோல் துண்டைப் பதித்தனர். மெலிந்த தலை குட்டையாகவும் பருமனாகவும் மாறிற்று. காம்பிற்கு அமெரிக்காவின் ஹிக்கரி மரமும், பின்னர்த் தலைக்கு அந்நாட்டின் பெர்சிமன் மரமும் கப்பலேறி வந்தன. ஹிக்கரியும் முறியத்தான் செய்தது. எஃகுக் காம்பை அமெரிக்கச் சங்கம் 1924-இலும், செயிண்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929-இலும் ஏற்றுக்கொண்டபின், காம்பு மாற்றிப் பிழைத்த பட்டறைகளுக்கு வேலை குறைந்தது.

மட்டைக்கு மாற்றுமரம் கிடைத்தது. கெத்தா தாபானுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அதன் பால் இரப்பர்ப் பால்போல் வழிந்தோடாது, வெட்டிய இடத்திலேயே விரைவில் உறையும். எனவே மரத்தையே வீழ்த்திப் பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பால் எடுத்தார்கள். ஒரு முழு மரத்திற்குக் கிடைத்தது சிறிதளவே. பந்துக்குத் தேவைப்பட்டது சொற்பம். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடத்தான் பெருமளவு தேவைப்பட்டது. சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பிறகு தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் போர்னியோவிலும் கோடரி விழுந்தது.

1877-இல் இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் முன்னோர் பால்வெட்டிய வரலாறு அவற்றின் பின்னரே தொடங்குகிறது. 1898-இல் அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கெல் இரப்பர் இழையைச் சுற்றிப் புதுவகைப் பந்தைச் செய்தார். முழுக் கெத்தாப் பந்தின் காலம் அதனோடு முடிந்தது. அதற்குள் சிங்கப்பூரில் 1891-இலும், சிலாங்கூரில் 1893-இலும் கோல்ப் கழகங்கள் தோன்றியிருந்தன. நம்மவர் பால்வெட்டிய தோட்டங்களுள் சில பிற்காலத்தில் கோல்ப் திடல்களாக மாறின.

லீத் விதியின் வழித்தோன்றல் இன்றும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆட்டத்தின் நடுவே பழுதுற்ற மட்டைக்கு மாற்றாக வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். சினத்தால் தரையில் ஓங்கியடித்து உடைத்தவருக்கு மட்டும் அவ்வுரிமை இல்லை.