உயிலில் ஒரு சாட்சிக் கையெழுத்து: வரலாறு சொல்லும் பாடம்



தோட்டப்புறங்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்பவர் பாடம் மட்டும் நடத்துபவர் அல்லர். கடிதம் எழுதவும் பாரம் நிரப்பவும் மக்கள் அவரையே நாடி வருவர். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் அவ்வாறே என்னிடம் வந்தார். சேமநிதிப் பணத்தில் வாங்கிய மலிவு விலை வீட்டை, தம்மைப் பராமரித்துவந்த இளைய மகளுக்கு எழுதி வைக்க விரும்பினார். வழக்கறிஞரிடம் போகலாமே என்றேன்.

"எதுக்கு வாத்தியாரே வீண் செலவு? உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீங்களே எழுதிக் கொடுத்திடுங்க" என்றார்.

எழுதினேன். சாட்சிகளாக நானும் அம்மகளின் கணவரும் கையெழுத்திட்டோம். மூன்றாண்டுகளில் பெரியவர் காலமானார். அதன் பின்னரே என் பிழை தெரிய வந்தது. உயில் செல்லும், ஆனால் மகளுக்கு எழுதிய வீடு செல்லாது. காரணம், சாட்சியாகக் கையெழுத்திட்டவர் அவருடைய கணவர்!

இது என்ன நியாயம் என்று அன்று சினந்தேன். நம் உயில் சட்டம் ஆங்கிலேயர் சட்டத்தின் வழிவந்தது. அதன் வரலாற்றைப் படித்த பிறகே காரணம் விளங்கியது.

1676-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. முதியவர் ஒருவர் எழுத்தில் உயில் எழுதிவிட்டு இறந்தார். அவர் பின்னர் வாய்மொழியாக வேறு உயில் சொன்னார் என இளம் மனைவி வாதிட்டார். அதற்கு ஒன்பது சாட்சிகளும் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பொய்யுரைத்தது விசாரணையில் அம்பலமானது. மறு ஆண்டே, 1677-இல், மோசடித் தடுப்புச் சட்டம் பிறந்தது. நிலத்தைக் குறித்த உயில் எழுத்தில் இருக்க வேண்டும். நம்பத்தக்க மூவரோ நால்வரோ சாட்சியிட வேண்டும் என்றது அச்சட்டம்.

உயிலால் பயன்பெறுபவர் நம்பத்தக்க சாட்சியா? அல்லர் எனக் கருதப்பட்டதால் உயிலே வீழும் நிலை ஏற்பட்டது. எனவே 1752-இல் வந்த சட்டம் உயிலைக் காப்பாற்றி, சாட்சிக்கு எழுதிய கொடையை மட்டும் செல்லாததாக்கியது. 1837-ஆம் ஆண்டு உயில் சட்டம் சாட்சிகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தது. அதே வேளையில், சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கு எழுதிய கொடையும் செல்லாது என்றது.

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்குரிய 1959-ஆம் ஆண்டு உயில் சட்டத்திலும் இவ்விதி உண்டு. உயில் எழுதுபவர் இறுதியில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். உயில் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால், அத்திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டிராத பழைய உயில் இரத்தாகிவிடும்.

சொற்களும் நம்மை ஏமாற்றக் கூடும். 1906-இல் இங்கிலாந்து நீதிமன்றத்திற்கு வந்த ஓர் உயிலில் இருந்தவை மூன்றே ஆங்கிலச் சொற்கள். 'எல்லாம் அம்மாவுக்கு' என்பது அவற்றின் பொருள். அவர் தம் மனைவியைத்தான் அவ்வாறு அழைத்தார் என்பதை வழக்காடியே நிறுவ வேண்டியிருந்தது. நம் வீடுகளிலும் மனைவியை 'அம்மா' என அழைப்போர் உண்டல்லவா? 'சின்னவனுக்கு', 'பாப்பாவுக்கு' என்றெல்லாம் எழுதினால் நீதிபதி யாரென்று அறிவார்?

பெரியவரின் உயிலில், எஞ்சிய சொத்து யாருக்கு என்ற வரியையும் நான் எழுதவில்லை. ஆகவே, வீடு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி நான்கு பிள்ளைகளுக்கும் சமபங்காயிற்று. மூத்தவர் தம் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. வீடு விற்கப்பட்டது. தந்தையைப் பத்தாண்டுகள் பராமரித்த அம்மகள் வாடகை வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். என்னைக் காணும்போது இன்றும், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றுதான் கேட்கிறார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

வழக்கறிஞர் இன்றி எழுதும் உயிலைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், எழுதியவர் இறந்த பின்னரே பிழை வெளிப்படும். அப்போது திருத்த ஆளில்லை. மாணவனின் கட்டுரையில் பிழையிருந்தால் சிவப்பு மையால் திருத்திவிடலாம். நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தை இனித் திருத்த முடியாது.

ஆசிரிய நண்பர்களே, அழகிய கையெழுத்தை நம்பி யாரேனும் உங்களிடம் உயில் எழுதித் தரக் கேட்டால், அன்போடு மறுத்து, கையோடு வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் செய்யத் தவறியது அதுவே.