தரவுக் கிடங்கு வடிவமைப்பில் இயல்மொழிவழிப் பயனர் தேவை திரட்டல்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்
தரவுக் கிடங்கை வடிவமைப்போர், பயனரின் தேவையை அவர்தம் சொற்களிலேயே கேட்டுப் பெறும் முறை எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அதன் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுக் கிடங்கு, பயனர் தேவை, இயல்மொழி, அளவை, பரிமாணம்.

முன்னுரை
அன்றாட நடவடிக்கைகளைப் பதிவுசெய்வது தரவுத்தளத்தின் பணி. பல்லாண்டுப் பதிவுகளைத் தொகுத்து, முடிவெடுப்போரின் வினாக்களுக்கு விடையளிப்பது தரவுக் கிடங்கின் பணி. 1988இல் பாரி டெவ்லின், பால் மர்ஃபி ஆகியோர் ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரை இக்கருத்துக்கு வடிவம் தந்தது. வினாக்களுக்காகவே எழுப்பப்படும் கிடங்கில், அவ்வினாக்களை எவ்வாறு கேட்டறிவது என்பதே அடிப்படைச் சிக்கலாயிற்று.

இலக்கணமும் வடிவமைப்பும்
இம்முயற்சியின் வேர்கள் தரவுக் கிடங்குக்கு முற்பட்டவை. 1976இல் உருபொருள்–உறவு மாதிரியை முன்வைத்த பீட்டர் சென், 1983இல் ஆங்கிலத் தொடரமைப்புக்கும் அம்மாதிரிக்கும் உள்ள இயைபை விளக்கினார். பொதுப்பெயர் உருபொருளாகவும், செயப்படுபொருள் குன்றாவினை உறவாகவும், பெயரடை பண்பாகவும் அமையும் என்பது அவர் கண்ட நெறி. அதே ஆண்டில் ரஸ்ஸல் அபட், இயல்பான ஆங்கில விவரிப்பிலிருந்து நிரல் வடிவமைக்கும் முறையை வெளியிட்டார்.

இரு நெறிகள்
1992இல் வெளிவந்த நூலில் பில் இன்மன், தரவிலிருந்தே பணி தொடங்கவேண்டும் என்றும், தேவைகள் இறுதியிலேயே தெளிவுறும் என்றும் வாதிட்டார். வழக்கமான மென்பொருள் வளர்ச்சிப் படிநிலையைத் தலைகீழாக்கியதைக் காட்ட, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளையே அவர் திருப்பி எழுதினார். 1996இல் நூல் வெளியிட்ட ரால்ஃப் கிம்பல், தொழிற்பணியையும் பயனரையும் முன்னிறுத்தினார். அவரது நெறியில் பயனருடனான நேர்காணல் வடிவமைப்பின் பகுதியாயிற்று. பின்னர், 2005இல் ஜோர்ஜினி, ரிஸ்ஸி, கார்செட்டி ஆகியோர், நிறுவனத்தின் குறிக்கோள்களிலிருந்து தேவைகளை வருவிக்கும் முறையை முன்மொழிந்தனர்.

சொல்லும் சொல்லாததும்
‘கிளைவாரியாக, மாதவாரியாக விற்பனைத்தொகை வேண்டும்’ என்ற தொடரில் விற்பனைத்தொகை அளவை. கிளையும் மாதமும் பரிமாணங்கள். ஆங்கிலத்தில் ‘பை’ என்னும் முன்னிடைச்சொல் ஆற்றும் பணியைத் தமிழில் ‘வாரியாக’ ஆற்றுகிறது. எனினும், இத்தொடர் சொல்லாது விடுவன பல. திரும்பி வந்த சரக்கின் மதிப்பு கழிக்கப்பட்டதா? மாதம் என்பது நாட்காட்டி மாதமா, நிறுவனத்தின் கணக்கு மாதமா? ‘மாதவாரியாகக் கையிருப்பு வேண்டும்’ என்பதும் அமைப்பில் முன்னதை ஒத்ததே. ஆனால் பன்னிரு மாத விற்பனையைக் கூட்டினால் ஆண்டு விற்பனை கிடைக்கும். பன்னிரு மாத இறுதிக் கையிருப்பைக் கூட்டினால் பொருளற்ற எண்ணே எஞ்சும். இவ்வேறுபாட்டை இலக்கணம் காட்டாது, மறுவினாவே வெளிக்கொணரும்.

முடிவுரை
தேவை திரட்டலில் நேரும் பிழையை எப்போதும் பின்னர்த் திருத்திக்கொள்ள இயலாது. மாத மொத்தமாக மட்டும் சேமித்த தரவிலிருந்து நாள் விவரத்தை மீட்க முடியாது. மூலப் பதிவுகளும் அழிந்திருப்பின் இழப்பு நிலையானது. பெயரையும் வினையையும் பிரித்தறியும் இலக்கண நெறி வடிவமைப்புக்குத் தொடக்கம் தருகிறது. பயனர் சொல்லாது விட்டதை உரையாடலே நிறைவு செய்கிறது. ஆகவே, இயல்மொழிவழித் தேவை திரட்டலில் மொழிப் பகுப்பாய்வும் உரையாடலும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கவேண்டும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.