ஓரிரவுப் பாசறைகள்

போர்மேற் சென்ற வேந்தன் தங்கும் பாடியைப் பாசறை என்பது நம் இலக்கிய வழக்கு. முல்லைப்பாட்டில் வரும் பாசறைக்கு முள்வேலியும் உண்டு. யவனர் காவலும் உண்டு. மேற்றிசையிலே உரோமர் அமைத்த பாசறைகளை நூல்களில் மட்டுமன்றி நிலத்திலும் படிக்கலாம்.

பகைநாட்டிற் செல்லும் உரோமப்படை, ஓரிரவே தங்குவதாயினும், தன்னைச் சூழ அரண் செய்துகொள்ளும். கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான பொலிபியசும் கி.பி. 1ஆம் நூற்றாண்டினரான யொசேபசும் இவ்வொழுங்கை விரித்துரைத்துள்ளனர். மூலை வளைந்த நீள்சதுரம், புறத்தே அகழ், அகழ்ந்த மண்ணே கரை, உள்ளே நிரல்பட்ட தோற்கூடாரங்கள். வாயிலை நோக்கி நேரே பாயும் பகைவரைத் தடுக்க அதன் முன்னே சிறுகரையொன்று இடுவர்.

இத்தகைய பாசறைகள் பிரித்தானியாவிலே நானூறுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. வேல்சு நாட்டு மலைவெளியிலுள்ள இப் பிகுன் என்னுமிடத்தில் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு கரைகள் இன்றும் தெரிகின்றன. படை ஒருமுறையன்று, இருமுறை அவ்வழி சென்றதென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? ஸ்கொத்லாந்தின் கின்ரோரிலே அகழ்ந்தோர் நூற்றுக்கு மேற்பட்ட அடுப்புக்குழிகளைக் கண்டனர். தளபதியரையே பாடும் வரலாற்றில், அப்பஞ்சுட்ட வீரனை வேறெங்கே காண்போம்?

உழவு படிந்த நிலங்களிலோ கரை அழிந்துவிட்டது, அகழ் தூர்ந்துவிட்டது. ஆயினும் தூர்ந்த அகழின் மண் ஆழமும் ஈரமும் உடையது. மழை பொய்த்த ஆண்டில் அதன்மேல் நிற்கும் பயிர் மட்டும் பசுமை மாறாது நிற்கும். வானிலிருந்து நோக்குவோர்க்கு அது கோடாய்த் தோன்றும். கேம்பிரிட்ஜ் அறிஞர் செயின்ற் ஜோசப் இவ்வாறே 1975இல் டேர்னோவில் ஏறக்குறைய 144 ஏக்கர் பாசறையைக் கண்டார். அகிரிக்கோலா கலிடோனியரை வென்ற கிரௌப்பியசு மலைப்போர் அதனருகே நிகழ்ந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அப்போரை எழுதிய தாசிற்றசு இடத்தைத் தெளிவாகச் சுட்டாமையால், கவர்ச்சியுடைய இக்கருத்தும் ஊகமேயாம்.

இங்கு எச்சரிக்கை வேண்டும். 1793இல் வெளிவந்த நூலிலே வில்லியம் ரோய், ஸ்கொத்லாந்துப் பாசறைகள் பலவற்றை அகிரிக்கோலாவுக்கே உரியனவாக்கினார். அவற்றுட் சில, 208 முதல் 211 வரை அங்கே போர்புரிந்த செவேரசு பேரரசன் காலத்தன எனப் பின்வந்தோர் கொண்டனர். ஓரிரவு தங்கியோர் விட்டுச்செல்லும் பொருள் மிகச்சில. ஆதலின் பரப்பளவையும் வாயிலமைப்பையும் கொண்டே காலங்கணிப்பது வழக்கமாயிற்று. அளவொத்த இரண்டு பாசறைகள் ஒரே படையினுடையனவாதல் வேண்டுமென்பதில்லை.

தேடலும் முடிந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டு வறட்சியில், வேல்சின் கேர்வென்ற் அருகே இன்னுமொரு பாசறையின் கோடு பயிரிடையே தோன்றியது.