உத்தர விலக்கமும் பொய் விறைப்பும்: மலையகத் தேயிலைத் தொழிற்சாலை மாடிகளை முன்வைத்து

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு ஏறும் பாதையில் இரு வகைக் கட்டிடங்களைக் காணலாம். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தை நம்பிச் சரிவில் எழுந்த கொங்கிரீட் விடுதிகள் ஒருவகை. எஃகுச் சட்டத்தில் தகரம் போர்த்திய, மாடிதோறும் கொழுந்து வாட்டிய தேயிலைத் தொழிற்சாலைகள் மற்றது. பகுப்பாய்வு மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே விதமாக உத்தர விலக்கம் கொடுப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மென்பொருளுக்கு உத்தரம் ஒரு கோடு, தளம் ஒரு பரப்பு. வேறு கட்டளை இல்லாவிட்டால் இரண்டின் மையமும் ஒரே மட்டத்தில் இருக்கும். விலக்கம் கொடுத்து உத்தரத்தை அதன் உண்மையான இடத்துக்குக் கீழிறக்கினால், இடையில் விறைத்த இணைப்பு ஒன்று தானாக வந்துவிடும். ஆகவே விலக்கம் கொடுப்பவர், தளமும் உத்தரமும் வழுக்காமல் சேர்ந்தே வளைகின்றன என்று உறுதி கூறுகிறார். பலர் இதை உணராமலே அறிக்கையில் கையொப்பமிடுகிறார்கள்.

கொங்கிரீட்டில் அந்த உறுதி பெரும்பாலும் செல்லும். 125 மி.மீ. தளம், அதன்கீழ் 225 × 300 மி.மீ. உத்தரம், உடன் உழைக்கும் தள அகலம் 1,000 மி.மீ. என்று கொள்வோம். விலக்கமின்றிப் பரப்பின் இரண்டாம் திருப்பம் சுமார் 669 மில்லியன் மி.மீ.⁴. மையங்களுக்கிடையே 212.5 மி.மீ. விலக்கம் கொடுத்தால் 2,648 மில்லியன். ஏறத்தாழ நான்கு மடங்கு. இரண்டும் ஒன்றாக வார்க்கப்பட்டு, வளையக் கம்பிகள் தளத்துக்குள் ஏறியிருப்பதால் நடுப்பகுதியில் இது நியாயமானது. தூணருகே தளம் இழுவையில் வெடிப்பதால், அங்கே இவ்வளவு விறைப்பை எதிர்பார்க்கக் கூடாது.

வாட்டும் மாடியின் கதை வேறு. 203 மி.மீ. ஆழமும் 2,940 மி.மீ.² வெட்டுப்பரப்பும் கொண்ட எஃகு உத்தரத்தின் மேல் 38 மி.மீ. பலகை குறுக்காகப் பரப்பப்பட்டிருப்பதாகக் கொள்வோம். எல்லாத் திசையிலும் ஒரே மீள்தன்மை, அதாவது 10 கிகாபாஸ்கல், உள்ள பரப்பாக இப்பலகையை மாதிரியாக்கி விலக்கமும் கொடுத்தால், 1,000 மி.மீ. அகலத்துக்கு விறைப்பு 1.8 மடங்காகிறது. உண்மையில் உத்தரத்தின் நீளப்போக்கில் விசை மரநாருக்குக் குறுக்கே போக வேண்டும். அத்திசையில் மரம் மிகவும் மெலிந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி உண்டு. பிடிப்பாணிகளும் நெகிழும். வழுக்கலைத் தடுக்கும் கொய்வு இணைப்பி எதுவும் கிடையாது. கூட்டு உழைப்பு ஏறக்குறைய இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மாதிரியில் 14 மி.மீ. தாழும் உத்தரம், நேரில் 25 மி.மீ. தாழும். இயற்கை அதிர்வெண் மூன்றிலொரு பங்கு மிகையாகத் தெரியும். வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் மணிக்கணக்காக ஓடும் மாடியில் இதை நான் தாழ்வைவிடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். ஒத்ததிர்வு எங்கே நேரும் என்பதையே மாதிரி தவறாகக் காட்டுகிறது.

இன்னொரு பொறியும் உண்டு. விலக்கிய உத்தரத்தின் இரு முனைகளையும் கிடையாக அசையாமல் பூட்டினால், இல்லாத வில் உந்தம் பிறந்து விறைப்பு மேலும் ஏறும். தளர்ந்த துளையில் நிற்கும் பழைய மரையாணி அந்த உந்தத்தைத் தாங்காது.

கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் விடுதியாகி, வாட்டும் மாடிகள் அறைகளாயின. அத்தகைய மாற்றங்களுக்கு முன், பலகைத் தளத்தை விலக்கமின்றிச் சுமையாக மட்டும் சேர்த்துக் கணிக்க வேண்டும். பிறகு மாடியின் ஒரு பகுதியில் நீர் நிரப்பிய பீப்பாய்களை ஏற்றி, உத்தரத்தின் அடியில் அளவுமானி பொருத்தித் தாழ்வை அளக்க வேண்டும். அளந்த தாழ்வு கணிப்பைவிடக் குறைந்தால் மட்டுமே, குறைந்த அளவுக்கு மட்டுமே, கூட்டு விறைப்பை மாதிரியில் அனுமதிக்கலாம்.