ஒரே சிசி, வேறு வேறு சுபாவம்



மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், புல்லட்டும் ராஜ்தூத் 350-ம் ஒரே சிசிதானே? ஒன்று நிதானமா இழுக்குது, இன்னொன்று சீறிப் பாயுதே, ஏன்?" வகுப்பில் இப்படிக் கேட்டிருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்!

சிலிண்டரின் உள்விட்டம் போர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஸ்ட்ரோக். புல்லட்டுக்கு போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; கணக்குப் போட்டால் 346 சிசி. ராஜ்தூத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 64-க்கு 54, மொத்தம் 347. முன்னது ஒல்லியான நெட்டை டம்ளர், பின்னது இரண்டு குட்டை டம்ளர். கொள்ளும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த நெட்டை டம்ளர் இங்கிலாந்துப் பழக்கம். அங்கே 1921 முதல் கார்களுக்குக் குதிரைத்திறனைக் கணக்கிட்டு வரி போட்டார்கள். அந்தச் சூத்திரத்தில் போரும் சிலிண்டர் எண்ணிக்கையும் மட்டுமே உண்டு, ஸ்ட்ரோக் கிடையாது. போர் பெருத்தால் வரி ஏறும். ஸ்ட்ரோக் எவ்வளவு நீண்டாலும் ஏறாது. விடுவார்களா? போரைச் சுருக்கி ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். இது 1947 வரை நடந்தது. மோட்டார் சைக்கிளுக்கு அந்த வரி இல்லை என்றாலும், அந்த நாட்டு இன்ஜினியர்களின் கை அதற்கே பழகிப்போயிருந்தது என்பது என் எண்ணம்.

அந்த புல்லட்டை நம் ராணுவம் வாங்கியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே 70-க்கு 90 அப்படியே ஓடியது. ராஜ்தூத் 350 வேறு வழி. ஜப்பானின் யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் 1983-இல் இங்கே கொண்டுவந்தது.

இனி காரணம். ஸ்ட்ரோக் நீண்டால் கிராங்க் கை நீளும், அதனால் டார்க் கூடும் என்பார்கள். அது பாதி உண்மை. கை நீளும்போது பிஸ்டன் சிறுக்கிறது. அதன்மேல் விழும் விசையும் குறைகிறது. பெருக்கினால் கணக்கு சமம். உண்மையான வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் புல்லட்டின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. ராஜ்தூத்தில் 9 மீட்டர்தான். ஆகவே அது இன்னும் சுற்றலாம். இதற்கு மூச்சு முட்டும். ஒல்லி சிலிண்டரில் பெரிய வால்வு வைக்கவும் இடமில்லை. அதனால் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும்படி புல்லட்டை அமைத்தார்கள். கனத்த ஃபிளைவீலும் துணை நின்றது. 3,000 சுற்றிலேயே முழு டார்க். ஆனால் 18 குதிரைத்திறன்தான். ராஜ்தூத்தின் முதல் மாடலுக்கு 6,750 சுற்றில் 30.5. (அது டூ-ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெட்ரோல் குடித்ததும் அதனால்தான்!)

நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிணற்று மேடுகளில் தடதடத்த கிர்லோஸ்கர் 5 எச்.பி. டீசல் இன்ஜினை நினைத்துப் பாருங்கள். 80-க்கு 110, சுற்று 1,500. பம்புக்குப் பாய்ச்சல் எதற்கு?

2023-இல் புல்லட்டும் மாறிவிட்டது. இப்போது 72-க்கு 85.8, 349 சிசி. ஸ்ட்ரோக் குறைந்தாலும் இன்னும் போரைவிட நீளம்தான்; குட்டை டம்ளர் ஆகவில்லை.